எச்டி டிவி வாங்கியும் படம் மங்கலா? எந்த கேபிளை எங்கே சொருகணும்? முழு விளக்கம்

புது எச்டி டிவி வந்தாச்சு, சுவரில் மாட்டியாச்சு, எச்டி பேக்கேஜுக்கு மாதாமாதம் கூடுதல் பணமும் கட்டியாச்சு. ஆனாலும் செய்தி சேனலில் கீழே ஓடும் எழுத்துகள் கலங்கலாகத் தெரிகின்றன. கிரிக்கெட்டில் பந்து ஒரு வெள்ளைப் புகை மாதிரி போகிறது. பல வீடுகளில் நடப்பது இதுதான். உடனே டிவி மேல் சந்தேகம் வரும். ஆனால் பல நேரங்களில் டிவியில் எந்தக் குறையும் இருக்காது. செட்-டாப் பாக்ஸில் இருந்து டிவிக்குப் போகும் அந்த ஒரு ஒயர்தான் காரணம்.

அந்த ஒயரை மாற்ற சில நூறு ரூபாய் போதும். சில வீடுகளில் அதுவும் வேண்டாம், பாக்ஸோடு வந்த கேபிள் பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். எந்த கேபிள் எதற்கு, எவ்வளவு செலவு செய்தால் போதும், எங்கே ஏமாறக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எச்டி படம் வர மூன்று விஷயம் சரியாக இருக்கணும்

முதலாவது, பார்க்கும் சேனல் எச்டி சேனலாக இருக்க வேண்டும். ஒரே சேனலுக்கு சாதாரண எண் ஒன்று, எச்டி எண் இன்னொன்று இருக்கும். சாதாரண எண்ணைப் போட்டுப் பார்த்தால் எந்த கேபிள் மாட்டினாலும் சாதாரணப் படம்தான் வரும்.

இரண்டாவது, செட்-டாப் பாக்ஸ் எச்டி பாக்ஸாக இருக்க வேண்டும். பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ சாக்கெட்டே இல்லையென்றால் அது பெரும்பாலும் பழைய ரக பாக்ஸ்தான். கேபிள்காரரிடமோ டிடிஎச் நிறுவனத்திடமோ கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் ஒயர். இந்த மூன்றில் எது மோசமோ, அதன் தரத்தில்தான் திரையில் படம் தெரியும். மற்ற இரண்டுக்கும் எவ்வளவு செலவு செய்திருந்தாலும் பலன் இல்லை.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் என்ன பிரச்னை?

மூன்று வண்ண முனைகள் கொண்ட ஏவி ஒயர் எல்லோருக்கும் பழக்கமானது. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடது பக்க ஒலிக்கு, சிவப்பு வலது பக்க ஒலிக்கு. பெட்டி டிவி காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பழக்கதோஷத்தில் புது டிவிக்கும் அதையே மாட்டிவிட்டுப் போவதுதான் சிக்கல்.

மஞ்சள் ஒயரில் போகும் படத்தின் அளவு அதிகபட்சம் 720 x 576 புள்ளிகள். மொத்தம் 4,14,720 புள்ளிகள். ஃபுல் எச்டி டிவியின் திரையில் இருப்பது 1920 x 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக 5 மடங்கு. 4கே டிவி என்றால் 3840 x 2160, மொத்தம் 82,94,400 புள்ளிகள். வந்து சேராத புள்ளிகளை டிவி தானாகவே ஊகித்து நிரப்பும். அதனால்தான் பெரிய திரையில் படம் இழுத்து வைத்தது போல மங்கலாகத் தெரிகிறது.

இன்னொரு குறையும் உண்டு. அந்த ஒரே மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. டிவி அதைப் பிரித்தெடுக்கும்போது எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசியும், கோடுகள் நெளியும். மஞ்சள் ஒயர் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் இந்தக் குறை போகாது.

சுருக்கமாகச் சொன்னால், எச்டி பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டு ஏவி ஒயரில் பார்ப்பவர்கள், பார்க்காத படத்துக்கு மாதாமாதம் காசு கொடுக்கிறார்கள்.

டிவிக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டுகள் எது எதற்கு?

எச்டிஎம்ஐ: தட்டையாக, கீழ்ப்பக்க மூலைகள் இரண்டும் சரிந்த வடிவில் இருக்கும். உள்ளே 19 பின்கள். படமும் ஒலியும் ஒரே ஒயரில் போகும். எச்டி படத்துக்கு முதல் தேர்வு இதுதான்.

காம்போனென்ட்: பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனைகள் படத்துக்கு. ஒலிக்கு தனியாக இன்னொரு சிவப்பும் வெள்ளையும். சிவப்பு இரண்டு இருப்பதால் மாற்றிச் சொருகிவிடுவது சகஜம். இதில் எச்டி படம் வரும். எச்டிஎம்ஐ இல்லாத பழைய டிவிடி பிளேயர், கேம் கருவிகளுக்கு இது நல்ல வழி. புது டிவிகள் பலவற்றில் இந்தச் சாக்கெட் இப்போது இல்லை.

விஜிஏ: கம்ப்யூட்டர் மானிட்டரில் இருக்கும் 15 பின் சாக்கெட். படம் மட்டும் வரும், ஒலிக்கு தனி ஒயர் போட வேண்டும். பழைய லேப்டாப் இணைக்க மட்டும் பயன்படும்.

ஏவி: மேலே சொன்ன மூன்று வண்ண ஒயர். பழைய வீடியோ பிளேயர், பழைய டிவிடி பிளேயர் இருந்தால் மட்டும்.

ஆன்டெனா சாக்கெட்: கேபிள்காரர் கொண்டு வரும் கனமான கோஆக்சியல் ஒயர் முன்பு நேராக இதில்தான் சொருகப்பட்டது. இப்போது அந்த ஒயர் செட்-டாப் பாக்ஸுக்குத்தான் போக வேண்டும். பாக்ஸில் இருந்து டிவிக்கு மறுபடியும் ஆன்டெனா ஒயர் போட்டால், இருப்பதிலேயே மோசமான படம் அதுதான்.

ஆப்டிகல்: சிறிய சதுர மூடி கொண்டது. உள்ளே சிவப்பு ஒளி தெரியும். இது ஒலிக்கு மட்டும். சவுண்ட்பார், ஹோம் தியேட்டர் இணைக்கலாம்.

எச்டிஎம்ஐ எப்போது வந்தது?

ஹிட்டாச்சி, மட்சுஷிடா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய தரம் இது. முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வெளியானது. 2009-ல் வந்த 1.4 பதிப்பில் 4கே படம் அனுப்பும் வசதி சேர்ந்தது. ஆனால் விநாடிக்கு 30 பிரேம்தான். 2013-ல் வந்த 2.0 அதை 60 பிரேமாக உயர்த்தியது. 2017-ல் வந்த 2.1 பதிப்பில் 4கே படத்தை 120 பிரேம் வரை அனுப்பலாம்.

இந்த எண்கள் டிவி, பாக்ஸ், கேம் கன்சோல் போன்ற கருவிகளுக்கு உரியவை. கேபிளுக்கு உரியவை அல்ல. கேபிளை அதன் வேகத்தை வைத்துத்தான் வகைப்படுத்துகிறார்கள். அதனால் கடையில் "இது டூ பாயிண்ட் ஒன் கேபிள் சார்" என்று சொன்னால், அதை அப்படியே நம்பாமல் கவரில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது எனப் பார்க்க வேண்டும்.

எந்த டிவிக்கு எந்த கேபிள்?

ஸ்டாண்டர்ட்: ஆரம்ப கால வகை. எச்டி ரெடி அளவுப் படத்துக்கும், 1080 இன்டர்லேஸ்டு படத்துக்கும் மட்டும் சோதிக்கப்பட்டது. வீட்டில் ஏற்கெனவே இருந்து, வேலை செய்தால் பயன்படுத்தலாம். புதிதாக வாங்கத் தேவையில்லை.

ஹை ஸ்பீட்: விநாடிக்கு 10.2 ஜிகாபிட் வரை தாங்கும். ஃபுல் எச்டி படம் 60 பிரேமில் ஓட சுமார் 4.5 ஜிகாபிட் போதும். ஆகவே 32 இன்ச் எச்டி ரெடி டிவி, 40, 43 இன்ச் ஃபுல் எச்டி டிவி வைத்திருப்பவர்களுக்கு இதுவே தாராளம்.

பிரீமியம் ஹை ஸ்பீட்: 18 ஜிகாபிட் வரை. 4கே படம் 60 பிரேமில், எச்டிஆர் வண்ணத்தோடு பார்க்க இது வேண்டும். 4கே டிவியில் 4கே செட்-டாப் பாக்ஸோ ஸ்ட்ரீமிங் கருவியோ இணைப்பவர்களுக்கு ஏற்றது.

அல்ட்ரா ஹை ஸ்பீட்: 48 ஜிகாபிட் வரை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்ற கன்சோல்களை 4கே 120 பிரேமில் ஓட்டுபவர்களுக்கும், 8கே டிவிக்கும் தேவை. பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்குள்ளேயே இந்த வகை கேபிள் ஒன்று வருகிறது.

பிரீமியம், அல்ட்ரா வகைகளுக்கு கவர் மேல் சான்று ஸ்டிக்கர் இருக்கும். அதில் கியூஆர் கோடும் உண்டு. எச்டிஎம்ஐ அமைப்பின் செயலியை மொபைலில் போட்டு ஸ்கேன் செய்தால் அசலா, போலியா என்று தெரிந்துவிடும்.

இந்தியாவில் எச்டி சேனல்கள் பொதுவாக 1080 கோடுகள் கொண்ட இன்டர்லேஸ்டு முறையில்தான் ஒளிபரப்பாகின்றன. கேபிள், டிடிஎச் சேனல் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு ஹை ஸ்பீட் கேபிளுக்கு மேல் எதுவும் தேவைப்படாது. 4கே டிவியாக இருந்தாலும் இதே கணக்குதான்.

விலை கூடினால் படமும் கூடுமா?

"தங்க முலாம் போட்டது சார், கலர் பளிச்சுனு இருக்கும்" என்று சொல்லி பல மடங்கு விலைக்கு கேபிள் விற்பது உண்டு. இதில் பாதி உண்மை, பாதி வியாபாரம்.

எச்டிஎம்ஐ ஒயரில் போவது டிஜிட்டல் சிக்னல். அதாவது 0, 1 என்ற எண்கள். அந்த எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுத் தரத்தில் வரும். சரியாகப் போகவில்லை என்றால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் விட்டு விட்டு வரும், இல்லையென்றால் திரை கறுப்பாகிவிடும். நடுவே "கொஞ்சம் கூடுதல் கலர்", "கொஞ்சம் அதிகத் தெளிவு" என்று ஒரு நிலை கிடையாது. சில நூறு ரூபாய் கேபிளில் சரியாக வரும் ஃபுல் எச்டி படம், பல ஆயிரம் ரூபாய் கேபிளிலும் அதே படமாகத்தான் வரும்.

தங்க முலாமுக்கு ஒரு பயன் உண்டு. தங்கம் துருப்பிடிக்காது. கடற்காற்று அடிக்கும் ஊர்களில் முனைகள் கெடாமல் இருக்க அது உதவும். படத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விலை குறைந்த கேபிள்களிலேயே அந்த முலாம் இருக்கும்.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது வேறு விஷயங்களுக்கு: முனை ஆடாமல் உறுதியாக உட்கார வேண்டும், ஒயர் மடங்கினால் உடையாத தடிமனில் இருக்க வேண்டும், சான்று ஸ்டிக்கர் இருக்க வேண்டும்.

எவ்வளவு நீளம் வாங்கணும்?

டிவிக்குக் கீழேயே பாக்ஸ் இருந்தால் 1.5 மீட்டர் போதும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 10 மீட்டர் வாங்கிச் சுருட்டி வைப்பது வீண். நீளம் கூடக் கூட சிக்னல் பலவீனமாகும். வேகம் கூடினால் இந்தப் பிரச்னையும் கூடும். ஃபுல் எச்டி படம் தாங்கும் அதே நீளக் கேபிளில் 4கே படம் விட்டு விட்டு வரலாம்.

4கே படத்துக்கு 5 மீட்டருக்குள் செம்பு ஒயர் பொதுவாகச் சிக்கல் தராது. அல்ட்ரா ஹை ஸ்பீட் என்றால் 3 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ப்ரொஜெக்டர் போல 10, 15 மீட்டர் தூரம் கொண்டு போக வேண்டியிருந்தால் ஆக்டிவ் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் கிடைக்கிறது. இதற்கு திசை உண்டு. ஒரு முனை பாக்ஸுக்கு, மறுமுனை டிவிக்கு என்று குறித்திருப்பார்கள். மாற்றிச் சொருகினால் படம் வராது.

புது வீடு கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவருக்குள் பதிக்கும் பைப், எச்டிஎம்ஐ கேபிளின் தலை நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கணும். சாதாரண கரண்ட் ஒயருக்குப் போடும் சின்ன பைப்பில் அது போகாது. பூச்சு முடிந்த பிறகு தெரிந்தால் சுவரை உடைக்க வேண்டியதுதான்.

கேபிள் மாத்தியாச்சு, படம் மாறலையே?

எச்டிஎம்ஐ சொருகியதும் தானாகவே எல்லாம் சரியாகிவிடாது. மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் டிவி ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அழுத்தி, எந்த எச்டிஎம்ஐ எண்ணில் சொருகினீர்களோ அதைத் தேர்வு செய்யுங்கள். பழைய ஏவி ஒயரும் மாட்டியபடியே இருந்தால், டிவி இன்னமும் அதைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஏவி ஒயரைக் கழற்றிவிடுவது நல்லது.

அடுத்து செட்-டாப் பாக்ஸ் மெனு. அதில் வீடியோ அல்லது டிஸ்ப்ளே பகுதிக்குள் போனால் படத்தின் அளவு எண்ணாக இருக்கும். 576 என்று இருந்தால் 1080 என்று மாற்றுங்கள். படத்தின் வடிவம் 4:3 என்று இருந்தால் 16:9 ஆக்குங்கள். முகங்கள் அகலமாக, குண்டாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, 4கே டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்கும் முழு வேகத்தைத் திறக்கும் ஒரு செட்டிங் தனியாக இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். அது அணைந்திருந்தால் 4கே கருவியில் எச்டிஆர் வராது. எல்லா சாக்கெட்டும் ஒரே வேகம் அல்ல என்பதால், டிவி கையேட்டில் எது வேகமானது என்று பார்த்துச் சொருகுங்கள்.

எச்டி வருகிறதா என்று உறுதி செய்ய, டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் பல டிவிகள் வரும் படத்தின் அளவைக் காட்டும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்று நின்று வந்தால் எச்டிஎம்ஐ மேல் பழி போட வேண்டாம். அது பெரும்பாலும் வெளியில் இருந்து வரும் கோஆக்சியல் ஒயர் அல்லது டிஷ் பிரச்னை. ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடங்களைத்தான் முதலில் பார்க்கணும். ஒட்டுப்போடும் இடத்தில் முறையான கனெக்டர் போட்டால் சரியாகும்.

வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ, சில விநாடி திரை கறுப்பாகிப் படம் திரும்ப வந்தாலோ எச்டிஎம்ஐ கேபிள் அல்லது சாக்கெட் காரணம். கழற்றி மறுபடி சொருகிப் பாருங்கள், வேறு சாக்கெட்டில் மாற்றிப் பாருங்கள், பிறகு கேபிளை மாற்றுங்கள்.

படம் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் எப்போதும் மங்கல் என்றால் சேனல், செட்டிங், ஏவி ஒயர் ஆகிய மூன்றில் ஒன்று.

சவுண்ட்பார், லேப்டாப், மொபைல்?

டிவியில் ஒரு எச்டிஎம்ஐ சாக்கெட் பக்கத்தில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும். சவுண்ட்பாரை அதில்தான் சொருக வேண்டும். வேறு சாக்கெட்டில் சொருகினால் டிவியின் ஒலி சவுண்ட்பாருக்குப் போகாது. ஏஆர்சிக்கு சாதாரண ஹை ஸ்பீட் கேபிளே போதும்.

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இல்லாமல் டைப்-சி மட்டும் இருந்தால் டைப்-சி டூ எச்டிஎம்ஐ அடாப்டர் வேண்டும். ஆனால் எல்லா டைப்-சி சாக்கெட்டும் படம் அனுப்பாது. விலை குறைந்த மொபைல்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. அடாப்டர் வாங்கும் முன் போன் விவரத்தில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் வைஃபை வழியாகத் திரையைப் பகிர்வதே வழி.

ஸ்மார்ட் டிவியின் செயலிகளிலேயே படம் பார்ப்பவர்களுக்கு எச்டிஎம்ஐ தேவையே இல்லை. அங்கே இன்டர்நெட் வேகம்தான் கணக்கு. நெட்ஃப்ளிக்ஸ் ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கிறது.

கன்வெர்ட்டர் வாங்கலாமா?

ஏவியில் இருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கும. பழைய டிவிடி பிளேயரை, ஏவி சாக்கெட் இல்லாத புது டிவியில் இணைக்க அது உதவும். ஆனால் அது சாதாரணப் படத்தை எச்டி ஆக்காது. வடிவத்தைத்தான் மாற்றும், இல்லாத புள்ளிகளைக் கொண்டு வராது. எச்டிஎம்ஐயில் இருந்து ஏவிக்கு மாற்றுவது வேறு பெட்டி. ஒன்றை வாங்கி எதிர்த்திசையில் பயன்படுத்த முடியாது.

ஒரு பாக்ஸில் இருந்து இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்களில் இன்னொரு தொல்லை. படத்தைத் திருட்டுப் பதிவு செய்யாமல் தடுக்கும் எச்டிசிபி பாதுகாப்பு எச்டிஎம்ஐயில் உண்டு. ஸ்ப்ளிட்டர் அதற்கு ஒத்துவரவில்லை என்றால் திரை கறுப்பாகவே இருக்கும்.

மழை, இடி நேரத்தில் கவனம்

வீட்டுக்கு வெளியே மொட்டை மாடியிலும் கம்பத்திலும் போகும் கோஆக்சியல் ஒயர் வழியாக மின்னல் அதிர்வு உள்ளே வரலாம். அது பாக்ஸைத் தாண்டி, எச்டிஎம்ஐ வழியாக டிவியின் போர்டு வரை போய்விடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி நெருங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கி, கோஆக்சியல் ஒயரையும் பாக்ஸில் இருந்து கழற்றிவிடுங்கள். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு அந்த ஒயரைத் தொட வேண்டாம்.

எர்த் சரியில்லாத வீடுகளில் கேபிள்காரரின் ஒயரைத் தொட்டாலே லேசாக ஷாக் அடிக்கும். அப்படி இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எச்டிஎம்ஐ சொருகும்போது டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் எடுத்துவிட்டு, முதலில் எச்டிஎம்ஐ, கடைசியில் கோஆக்சியல் ஒயர் என்ற வரிசையில் மாட்டுவது பாதுகாப்பு.

கடைக்குப் போகும் முன்

டிவி எச்டி ரெடியா, ஃபுல் எச்டியா, 4கேவா என்று பாருங்கள். பாக்ஸில் எச்டிஎம்ஐ சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸோடு வந்த அட்டைப்பெட்டியைத் திறந்து கேபிள் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

சேனல் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு ஹை ஸ்பீட், 4கே கருவி இருந்தால் பிரீமியம், புது கேம் கன்சோல் இருந்தால் அல்ட்ரா. இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டு வாங்கினால் போதும். மீதிப் பணத்துக்கு ஒரு நல்ல சர்ஜ் புரொடெக்டர் வாங்கலாம். கேபிளின் தங்க முலாமைவிட டிவிக்கு அது அதிகம் உதவும்.